அட்டைப்படத்து ஜோடி



அட்டையில் ஒரு மீனைப் போட்டால் போதாதா என்று வடிவமைப்பாளர் கேட்டார். போதாது என்றேன். கீட்டோடான் ட்ரைஃபேசியேட்டஸ் என்கிற இந்த வண்ணத்துப்பூச்சி மீன், வளர்ந்தபின் பெரும்பாலும் ஜோடியாகத்தான் திரியும். பவளப்பாறையில் தங்களுக்கென ஓர் எல்லையை வைத்துக்கொண்டு, பகலெல்லாம் இரண்டும் அதற்குள்ளேயே சுற்றிவரும்.

படத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. சுமார் 15 செ.மீ.தான் வளரும். மஞ்சள் மேனியில் நீலம் பாய்ந்த மெல்லிய கோடுகள். கண்ணின் மேலேயே ஒரு கறுப்புப் பட்டை. எதிரிக்குக் கண் எங்கே என்று சட்டென்று பிடிபடாது. சின்னஞ்சிறு வாயில் தூரிகை மயிர் போல நுண்ணிய பற்கள். பவளத்தின் உயிர்ப்பகுதியான பாலிப்புகளை அந்த வாயால் கொத்தும், உடனே அடுத்த பவளத்துக்கு நகர்ந்துவிடும். ஒரே இடத்தை மொட்டையடிக்காது. அதனால் கொத்துப்பட்ட பவளம் பிழைத்துக்கொள்கிறது.

இந்த மீனை அறிவியலுக்கு முதலில் விவரித்தவர் யார் தெரியுமா? ஆப்பிரிக்காவின் நைஜர் நதியைத் தேடிப்போன அதே மங்கோ பார்க்! அதற்குமுன் அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் உதவி மருத்துவராகச் சுமத்ராவுக்குப் போயிருந்தார். அங்கே கண்ட எட்டு மீன்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1797இல் அச்சாயிற்று. அதில் ஒன்று இது.

கிழக்கு ஆப்பிரிக்கா, மாலத்தீவு, இலங்கை, சுமத்ரா என இந்தியப் பெருங்கடலின் பவளங்களெல்லாம் இதன் வீடு. 1998இல் கடல்நீர் சூடேறியபோது, பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள் வெளியேறின. மாலத்தீவிலும் செஷல்ஸிலும் ஆழமில்லாத இடங்களில் பவளம் வெளுத்துப் பெருவாரியாகச் செத்தது. எதையும் தின்னும் மீன்கள் சமாளித்துக்கொள்ளலாம். இதற்கு அந்த வழியில்லை. உயிருள்ள பவளம்தான் இதன் சாப்பாடு. 2016இல் மாலத்தீவுப் பவளம் மறுபடியும் வெளுத்தது.

மீன்தொட்டி வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அழகில் மயங்கி இதை வாங்கிவிடாதீர்கள். கடையில் கிடைக்கும் தீனியைப் பெரும்பாலும் இது தொடாது. கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்து பட்டினியில் செத்துப்போகும். இதை வளர்த்துப் பார்த்த அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்