முறை தெரிந்த பயிற்சியாளர்

போர்ச்சுகலின் பென்ஃபிகாவில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்த இடதுபுறப் பின்கள வீரர் கிரிமால்டோவை, 2023 கோடையில் ஜெர்மனியின் லெவர்குசன் கால்பந்துக் கழகம் இடமாற்றத் தொகை எதுவும் தராமல் சேர்த்துக்கொண்டது. அடுத்த சீசனில் ஜெர்மனியின் முதல்நிலை லீகான பண்டஸ்லிகாவில் மட்டும் அவர் 10 கோல் அடித்தார். பின்கள வீரருக்கு இது அபூர்வம். பயிற்சியாளர் சாபி அலோன்சோ செய்தது இதுதான்: பின்னால் மூன்று தடுப்பாளர்களை நிறுத்தினார். அதனால் இடது ஓரத்தில் கிரிமால்டோவும் வலது ஓரத்தில் ஃப்ரிம்பாங்கும், விட்டுவந்த இடத்தை யார் பார்ப்பார்கள் என்ற கவலையின்றி எதிரணியின் பெனால்டி பெட்டி வரை ஏறிப் போனார்கள். நடுக்களத்தில் ஷாக்கா. இங்கிலாந்தின் ஆர்சனலில் சொந்த ரசிகர்களே ஒருமுறை கூச்சலிட்டு அவமதித்த மனிதர். இங்கே பந்தை வாங்கி, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் பொறுப்பாக இருந்தது. நிதானமான காலுக்கு அதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. ஒவ்வொருவருக்கும் தன் வேலை தெரிந்திருந்தது, பக்கத்தில் நிற்பவனின் வேலையும் தெரிந்திருந்தது. பணக்காரக் கழகங்கள் பல, நட்சத்திரத்தை முதலில் வாங்கிவிட்டு அவரை எங்கே ஆடவிடுவது என்று பிறகு யோசிக்கின்றன. அதைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எத்தனை நல்ல ஆட்டக்காரர்கள் அப்படி வீணாகியிருக்கிறார்கள்! முறை தெரிந்து ஆடியதன் பலனைப் பாருங்கள்: 2022 அக்டோபரில் அலோன்சோ பொறுப்பேற்றபோது 18 அணிகளில் 17ஆம் இடத்தில் கிடந்தது லெவர்குசன். 2023-24இல் 34 ஆட்டங்களில் 28 வெற்றி, 6 சமன், ஒரு தோல்வியும் இல்லாமல் தன் முதல் லீக் பட்டத்தை வென்றது.