கணக்கு எழுத ஆளில்லாத தர்மம்

நம் மாவட்டத் தலைநகரங்களின் பின்தெருக்களிலும், பேரூராட்சிகளின் கடைவீதி மாடிகளிலும், மாலை வேளையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஒரு சங்கம், துணையற்ற முதியோர் சிலருக்கு இருவேளை உணவளிக்கும் ஒரு டிரஸ்டு, அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளின் பெற்றோரே சேர்ந்து நடத்தும் ஒரு பயிற்சி இல்லம் என்று, பகட்டில்லாத பெயர்ப் பலகைகளோடு எத்தனையோ சிறு ஸ்தாபனங்கள் இயங்கி வருகின்றன. இவற்றுள் ஒன்று பத்தாண்டு, பதினைந்தாண்டு சிரத்தையோடு தொண்டு புரிந்தபின் ஒருநாள் அரவமின்றி மூடப்படும்போது, பணமில்லாமல் போயிற்று என்று நாம் பரிதாபப்பட்டு விட்டுவிடுகிறோம். அது பாதி உண்மையே. பணம் வரக்கூடிய வழிகளெல்லாம் காகிதத்தால் அடைபட்டிருந்தன என்பதும், அந்தக் காகிதத்தைச் செம்மையாக நிரப்பித் தர ஓர் ஆள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பதும் மீதிப் பாதி.

அந்தக் காகிதம் எத்தகையது என்று சற்றுப் பார்ப்போம். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கம் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, தீர்மானங்களைப் புத்தகத்தில் ஏற்றி, வரவு செலவுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அடுத்தது வருமான வரி இலாகா. ஸ்தாபனத்தின் வருமானத்துக்கு விலக்களிக்கும் 12ஏ பதிவும், நன்கொடையாளருக்குச் சலுகையளிக்கும் 80ஜி பதிவும், ஒருமுறை வாங்கிவிட்டால் போதும் என்றிருந்த காலம் 2021 ஏப்ரலோடு முடிந்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியவை ஆயின. 2022 முதல், நன்கொடை தந்தவர் ஒவ்வொருவரின் அடையாள எண்ணோடும் தொகையோடும் ஒரு பட்டியலை மே 31ஆம் தேதிக்குள் கணினி வழியே அனுப்ப வேண்டும் என்பதும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபாய் கட்ட வேண்டும் என்பதும் சேர்ந்துகொண்டன. அறுபது நாள் தாமதித்த ஒரு மாலைப் பள்ளிக்கு இது 12,000 ரூபாய். பாடம் நடத்த வரும் பட்டதாரிப் பெண்ணின் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை அதில் அடக்கிவிடலாம். சிறிய ஸ்தாபனங்களின் கஷ்டத்தைச் சர்க்கார் அறவே உணரவில்லை என்று சொல்வதற்கில்லை. ஆண்டு வருமானம் 5 கோடிக்கு மேற்படாதவற்றுக்கு 12ஏ பதிவின் ஆயுளைப் பத்தாண்டாக நீட்டியது 2025ஆம் ஆண்டின் நிதிச் சட்டம். அந்தப் பத்தாண்டுகளுக்கு இடையே வருஷந்தோறும் செய்ய வேண்டியவை குறையவில்லை.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது வழக்கில் சி.எஸ்.ஆர். எனப்படுவது, இந்த ஸ்தாபனங்களுக்கு ஒரு நற்காலத்தைக் கொண்டுவரும் என்று 2013இல் கம்பெனிச் சட்டம் நிறைவேறியபோது பலரும் நம்பினார்கள். நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ உள்ள கம்பெனிகள் தம் சராசரி லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுநலனுக்குச் செலவிட வேண்டும் என்ற அந்த ஏற்பாடு வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்தப் பணத்தைப் பெற்றுச் செயலாற்ற விரும்பும் ஸ்தாபனம் 12ஏ, 80ஜி இரண்டையும் பெற்று, கம்பெனி விவகார அமைச்சகத்திலும் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2021இல் விதி வந்தபின், கோப்புகளை ஒழுங்காக வைத்திருக்கும் பெரிய ஸ்தாபனங்களை நோக்கியே பணம் பாய்கிறது. தேவையின் வாசலிலேயே குடியிருக்கும் சிறிய ஸ்தாபனம் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைத் தாண்டுவதில்லை.

ஆகவே, உள்ளூர்த் தொண்டு ஸ்தாபனங்களுக்குக் கணக்கு, சட்டம், நிர்வாகம் ஆகியவற்றில் தேர்ந்தவர்களின் ஆலோசனை இலவசமாகக் கிடைப்பதை, யாரோ சில நல்ல மனிதர்களின் தயவுக்கு விட்டுவைக்காமல், மாவட்டந்தோறும் நிலையானதொரு ஏற்பாடாக ஆக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு முன்னுதாரணத்தைக் கடல் கடந்து தேட வேண்டியதில்லை. தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காய்வுத் தொழில் பயின்று, பம்பாயில் ஆடிட்டராகத் தொழில் நடத்திய ஜே. சி. குமரப்பா, அதை உதறிவிட்டுக் காந்தியடிகளின் பணியில் சேர்ந்தார் என்பதை அறிந்தவர்களும், பொருளாதார அறிஞர் என்றே அவரைக் கொண்டாடி, ஆடிட்டரை மறந்துவிடுகிறார்கள். 1934 ஜனவரி 15ஆம் தேதி பீகாரைப் பூகம்பம் சூறையாடியபோது, ராஜேந்திர பிரசாத் தலைமையில் அமைந்த நிவாரணக் குழுவின் நிதி ஆலோசகராகச் சென்று, நாடெங்கிலுமிருந்து வந்து குவிந்த நன்கொடைக்குக் காலணா பிசகாமல் கணக்கு வைத்தவர் அவரே. பார்வையிட வந்த காந்தியடிகளின் பரிவாரச் செலவைக்கூட நிவாரண நிதியில் எழுதச் சம்மதியாத அவரது பிடிவாதம் பிரசித்தமானது. அந்தப் பிடிவாதத்தைக் காட்டிலும் நாம் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று உண்டு. அவர் பாட்னாவுக்குப் போய், கணக்கை இன்னின்ன முறையில் எழுதுங்கள் என்று யோசனை கூறிவிட்டு ரயிலேறவில்லை. மேசையின் முன் அமர்ந்து கணக்கைத் தாமே ஒழுங்கு செய்தார்.

இன்று இலவச ஆலோசனை என்ற பெயரில் நடப்பவற்றுள் பெரும்பகுதி ரயிலேறிவிடும் ரகத்தைச் சேர்ந்தது. பெரிய கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் ஒரு சனிக்கிழமை திரளாக வந்து, ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை வண்ணப் படங்களோடு திரையில் காட்டி, ஸ்தாபனத்தின் இலட்சிய வாசகத்தைத் திருத்தி எழுதி, புகைப்படம் எடுத்துக்கொண்டு விடைபெறுகிறார்கள். மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அருகில் மருந்துக்கடையே இல்லாத ஊரிலிருந்து வைத்தியர் புறப்பட்டுவிடுவது போன்றது இது. அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால், ரசீதுப் புத்தகத்தையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியாமல் விழிக்கும் ஒரு செயலாளருக்கு இலட்சிய வாசகத்தால் என்ன பிரயோஜனம்? அவருக்கு வேண்டியவர், ஏப்ரலில் கணக்கைத் தொடங்கி வைத்து, மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்து, ஆடிட் முடிந்து அடுத்த ஆண்டு அக்டோபரில் வரி அறிக்கை தாக்கலாகும்வரை கூடவே இருப்பவர். ஆலோசனை என்பதை ஒரு முழுக் கணக்காண்டின் வேலையாக வரையறுக்காத எந்தத் திட்டத்தையும் நாம் ஆதரிப்பதற்கில்லை. பெரும் ஆலோசனைக் கம்பெனிகளும், தொண்டர்களை இணைத்து வைக்கும் அமைப்புகளும் பெரும்பாலும் மாநகரங்களில் நிலைகொண்டிருக்க, ராமநாதபுரத்துக்கும் தர்மபுரிக்கும் அவர்களது கை எட்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டத் துறையில் இந்தத் தூரத்தை நாம் முன்பே ஒருவாறு கடந்திருக்கிறோம். வறுமையால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படக் கூடாது என்ற 39ஏ ஷரத்து 1976இல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 1987இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டது. 1995 நவம்பர் 9ஆம் தேதி அது அமலுக்கு வந்தது. இன்று தாலுகா வரையில் இலவசச் சட்ட உதவிக்குழு உண்டு. குறைகள் ஏராளமாக இருந்தபோதிலும், அந்த உதவியைக் கேட்டுப் பெறுவது ஓர் உரிமை என்ற நிலை பிறந்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் மனிதர்களைக் கருதி எழுதப்பட்டது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கு இலவச வக்கீல் கிடைப்பார். அவர்களுக்காகவே பாடுபடும் சிறு சங்கத்தின் நிலப்பத்திரத்தில் வில்லங்கம் வந்தால், அந்தச் சங்கம் தன் சொந்தச் செலவில் வக்கீலைத் தேட வேண்டியதுதான்.

செலவுக்கு என்ன வழி என்ற கேள்வி எழும். 2014இல் வந்த சி.எஸ்.ஆர். விதிகள், தம் பணியாளர்களின் திறனை வளர்ப்பதோடு, செயலாற்றும் ஸ்தாபனங்களின் திறனை வளர்க்கவும், நிர்வாகச் செலவும் உட்பட நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேற்படாமல் செலவிடலாம் என்று கம்பெனிகளுக்கு இடமளித்தன. 2021இல் திருத்தப்பட்ட விதிகளில் செயலாற்றும் ஸ்தாபனங்களைக் குறித்த அந்த வாசகத்தைக் காணோம். கம்பெனிகளின் சொந்தப் பணியாளர்களுக்குப் பயிற்சி என்பது மட்டும் ஒரு மூலையில் பத்திரமாக இருக்கிறது! மத்திய சர்க்கார் அந்தப் பழைய வாசகத்தை மீட்டுத் தந்து, மாவட்ட ஆலோசனை நிலையத்துக்குத் தரும் தொகையும் அதில் அடங்கும் என்று விளக்கிவிட்டால், பணத்துக்குப் பஞ்சமிராது. ஆட்களுக்கும் பஞ்சமில்லை. பட்டயக் கணக்காளர் கழகத்துக்கு மதுரை, கோயம்புத்தூர், சேலம், ஈரோடு, திருநெல்வேலி, திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களில் கிளைகள் உள்ளன. ஆடிட்டர்களிடம் பயிற்சி பெறும் இளைஞர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். சமூகப்பணிக் கல்லூரிகளின் மாணவர்கள் களப்பணிக்கு இடம் தேடி அலைகிறார்கள்.

இந்த ஏற்பாட்டை ஆக்ஷேபிப்போர் சொல்லக்கூடியவற்றுள் ஒன்று மாத்திரமே கனமானது: கள்ள டிரஸ்டுகளும் வாசலில் வந்து வரிசையில் நிற்கும் என்பது. நிற்கும், சந்தேகமில்லை. ஆனால், கள்ள டிரஸ்டுக்கு இன்றைக்கும் ஆடிட்டர் உண்டு, கட்டணம் கொடுத்து அமர்த்திய கெட்டிக்கார ஆடிட்டர். அதன் காகிதங்கள் அப்பழுக்கில்லாமல் இருக்கின்றன. காகிதத்தில் பிழைவிட்டுத் தண்டம் கட்டுகிறவர்கள், பெற்றோர் சேர்ந்து நடத்தும் அந்தப் பயிற்சி இல்லத்தார்தாம். மாதந்தோறும் கணக்குப் புத்தகத்தை வெளியார் ஒருவரின் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் போட்டால், முதலில் வரிசையைவிட்டு நழுவுகிறவர் யாரென்பதும் தெரிந்துவிடும்.

சிறிய ஸ்தாபனங்களுக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. கணவர் தலைவர், மனைவி செயலாளர், மைத்துனர் பொருளாளர் என்று குடும்பத்துக்குள்ளேயே பதவிகளைப் பங்கிட்டுக்கொண்டு, பொதுக்குழு கூடியதாகத் தீர்மானப் புத்தகத்தில் மாத்திரம் எழுதிவைக்கும் பழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. உதவி நாடி வருவோர் இதைக் கைவிடத் தயாராக வர வேண்டும்; குடும்பத்தைச் சேராத இருவரையேனும் நிர்வாகத்தில் சேர்த்துக்கொள்வதாக எழுதித் தந்த ஸ்தாபனத்துக்கே ஆலோசகரை அனுப்புவது என்று விதி வைக்கலாம். அவ்வாறே ஆலோசகரும், இடையில் விட்டுப் போவதில்லை என்றும், அங்கே அறிந்த விவரங்களை வெளியே பேசுவதில்லை என்றும், அந்த ஸ்தாபனத்திடமிருந்து ஓராண்டுக்குக் கட்டணத் தொழில் ஏதும் பெறுவதில்லை என்றும் கையொப்பமிட்டுத் தர வேண்டும். இலவசமாக நுழைந்து, பிறகு கட்சிக்காரராக்கிக்கொள்ளும் வித்தை தொழில் உலகுக்குப் புதிதன்று.

தொடங்குவதற்குப் புதிய சட்டமோ புதிய கட்டடமோ வேண்டாம். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு மேசையும், வாரத்தில் ஒரு நாளும், அங்கே முறைவைத்து அமரச் சம்மதிக்கும் ஆடிட்டர் ஒருவரும் வக்கீல் ஒருவரும் போதும். பதிவுத்துறைத் தலைவரின் ஓர் உத்தரவில் ஆகக்கூடிய காரியம் இது. அடுத்த ஏப்ரலில் கணக்காண்டு பிறக்குமுன், பரீட்சார்த்தமாக இரண்டு மாவட்டங்களிலேனும் அந்த உத்தரவைப் பிறப்பிக்குமாறு மாநில சர்க்காரைக் கேட்டுக்கொள்கிறோம்.