திரி தீர்ந்தது, மெழுகு தீரவில்லை

கார்த்திகை முடிந்த மறுநாள் காலை எண்ணெய் அகல்களைத் துடைத்து அடுக்கி வைத்துவிடலாம். மெழுகு ஊற்றிய அகல்கள்தான் பாடு. திரி கருகிச் சாய்ந்திருக்கும். சுற்றிலும் விரல் கனத்துக்கு மெழுகு ஒட்டிக்கொண்டிருக்கும். அலமாரியைத் திறந்தால் பிறந்தநாளுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் வந்த வாசனை மெழுகுவத்தி ஜாடிகள். "ஏம்மா, இதெல்லாம் குப்பைக்குத்தானே?" என்று மாமியார் கேட்பார். "இருக்கட்டும் அத்தை, ஏதாவது செய்யலாம்" என்பாள் மருமகள். அந்த 'ஏதாவது' அடுத்த கார்த்திகை வரை அலமாரியிலேயே உட்கார்ந்திருக்கும்.

உண்மையில் அந்த மெழுகில் ஒரு குறையும் இல்லை. ஜாடியின் அடியில் திரியைப் பிடித்து நிறுத்த ஒரு சின்ன உலோக வில்லை இருக்கிறது. சுடர் அதுவரை இறங்கினால் கண்ணாடியின் அடிப்பாகம் சூடேறி விரிசல் விடலாம். அதனால் அடியில் 1 சென்டிமீட்டர் மெழுகு மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிடுவது நல்லது. நான்கைந்து ஜாடிகளின் மிச்சத்தைச் சேர்த்தால் புதிதாக ஒன்று செய்துவிடலாம்.

முதலில் மெழுகை வெளியே எடுக்க வேண்டும். கத்தியால் குத்திக் கிளறினால் கண்ணாடி உடையும், கையும் கிழியும். ஜாடியை இரண்டு மூன்று மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் மெழுகு சுருங்கிப் பக்கத்தை விட்டு விலகும். கவிழ்த்துத் தட்டினால் வில்லையாகவே விழும். வாய் குறுகிய ஜாடி என்றால் இது சரிப்படாது. அதை ஒரு கிண்ணத்தில் நிறுத்தி, சுற்றிலும் சுடுதண்ணீர் ஊற்றி இளக்கி எடுக்கலாம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு சுடுதண்ணீரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். கண்ணாடி படீரென்று விரியும்.

உருக்குவதில்தான் கவனம் வேண்டும். கேஸ் அடுப்பில் நேரடியாகப் பாத்திரத்தை வைத்து மெழுகை உருக்கவே கூடாது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860-61 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்கேல் ஃபாரடே, சிறுவர்களுக்காக ஒரு மெழுகுவத்தியை மட்டுமே வைத்து ஒரு சொற்பொழிவு வரிசை நடத்தினார். எரிவது கட்டி மெழுகு அல்ல, அதிலிருந்து எழும் ஆவி என்று அதில் செய்து காட்டினார். நீங்களும் பார்க்கலாம்: மெழுகுவத்தியை ஊதி அணைத்ததும் எழும் வெண்புகையில் தீக்குச்சியைக் காட்டினால், சுடர் புகை வழியே தாவி மறுபடி திரியைப் பிடித்துக்கொள்ளும். பாத்திரத்தில் மெழுகு அளவுக்கு மீறிச் சூடேறினாலும் இதே கதைதான். திரியே இல்லாமல் முழுப் பாத்திரமும் தீப்பற்றிக்கொள்ளும்.

ஆகவே டபுள் பாய்லிங். அகலமான பாத்திரத்தில் பாதி தண்ணீர், அடியில் மடித்த துணி, அதன்மேல் மெழுகு போட்ட மூக்குள்ள பழைய பாத்திரம். சாதாரண பாரஃபின் மெழுகு 50, 60 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் மெழுகும் ஆபத்தான சூட்டுக்குப் போகாது. ஆனால் தண்ணீர் வற்றிவிட்டால் இந்தக் காவல் போச்சு. போனை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போகிற வேலை அன்றைக்கு வேண்டாம். சின்னக் குழந்தைகளும் அடுக்களையில் வேண்டாம். தப்பித் தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரிகிற மெழுகு நாலாபுறமும் தெறிக்கும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். மைக்ரோவேவும் வேண்டாம், உள்ளே மறைந்திருக்கும் திரி வில்லை பொறி கக்கும்.

உருகிய மெழுகைப் பழைய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். கருகிய திரித் துண்டும் தீக்குச்சித் தலையும் தங்கிவிடும். மல்லிகை, லாவெண்டர், காபி எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் வரும் மணத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மேல். எல்லா நிறத்தையும் சேர்த்தால் சேற்று நிறம்தான் மிஞ்சும். நிறத்துக்காகப் பிள்ளைகளின் கிரேயானை உருக்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. அதன் நிறப்பொடி திரியை அடைத்து, சுடர் மங்கிவிடும். ஜெல் மெழுகுவத்தியை எதோடும் சேர்க்க வேண்டாம்.

வீட்டில் செய்தது சரியாக எரியவில்லை என்றால் பெரும்பாலும் குற்றம் திரியில்தான். விளக்குக்குப் போடும் பஞ்சுத் திரி இதற்கு ஆகாது; பெரிய சுடராக எரிந்து புகை கக்கும். நைலான், பாலியெஸ்டர் நூல் உருகிப்போகும். பூக்கட்டும் பருத்தி நூலை மூன்று பிரியாக இறுக்கிப் பின்னி, உருகிய மெழுகில் குமிழி நிற்கும்வரை முக்கி, நேராக இழுத்துக் காய வைத்தால் நல்ல திரி. பழைய வில்லையைச் சுரண்டிக் கழுவி அதிலேயே கோக்கலாம். ஜாடி வாயில் இரண்டு ஐஸ் குச்சிகளுக்கு நடுவே திரியை நிறுத்தி, கொஞ்சம் ஆறவிட்ட மெழுகை ஊற்றுங்கள். ஆறும்போது திரியைச் சுற்றிக் குழி விழும். பயப்பட வேண்டாம், மெழுகு சுருங்குவதால்தான். அந்தக் குழிக்காகக் கொஞ்சம் மெழுகை முதலிலேயே எடுத்து வைத்திருந்தால் கை கொடுக்கும்.

பாத்திரத்தில் ஒட்டியதைச் சூடு ஆறுமுன் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போடுங்கள். ஸிங்க்கில் கொட்டினால் குழாய்க்குள் இறுகி, பிளம்பருக்குப் போன் போட வேண்டியிருக்கும்.

மறுபடி மெழுகு ஊற்ற ஜாடியில் கீறலோ விரிசலோ இருக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் பட்டன், ஊக்கு போட்டு வைக்க அது போதும். மசாலாவுக்கும் ஊறுகாய்க்கும் வேண்டாம், அந்த வாசனை லேசில் போகாது. மணி பிளான்ட் வைத்தால் அழகுதான். ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசுவுக்கு அந்தக் கையளவு தண்ணீரே தாராளம். மண் அகலில் நேராக மறுபடி மெழுகு ஊற்றலாம். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுவது இப்போது ஃபேஷன். சிரட்டையே நன்றாக எரியும் பொருள் என்பதை மறந்துவிட்டுச் செய்கிற வேலை அது.

துண்டு துக்கடா மெழுகையும் வீசாதீர்கள். இறுகிய ஜிப், மழைக்காலத்தில் உப்பி நகராத மர டிராயர், அறுக்கும் ரம்பம் எல்லாவற்றிலும் தேய்க்கலாம். வெள்ளை மெழுகால் காகிதத்தில் படம் போட்டு மேலே வாட்டர் கலர் பூசச் சொன்னால் பிள்ளைகள் ஒரு மதியம் அமைதியாக இருப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் நிறம் ஒட்டாது. பாத்திக் துணியும் இந்தச் சூத்திரம்தான். 1966-ல் சென்னை அருகே சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கலைஞர்கள், பிழைப்புக்குக் கைகொடுத்த கைவினைகளில் பாத்திக்கும் ஒன்று.

புது மெழுகுவத்தியை மின்வெட்டு இரவில் முதன்முதலாக ஏற்ற வேண்டாம். ஒரு நாள் வைத்திருந்து, பகலில், தட்டின் மேல் நிறுத்தி, திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டிவிட்டு ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். சுடர் உயர்ந்து கரி கக்கினாலோ கண்ணாடி தொட முடியாமல் சுட்டாலோ, அணைத்துவிட்டு அடுத்த முறை இரண்டு பிரி நூலில் திரி போடுங்கள். நடுவில் மட்டும் குழி பறித்துக்கொண்டு இறங்கினால் நான்கு பிரி.