வாசலில் ஒரு காவல்

 

"கணவர் கட்டாரில் தொழில் செய்கிறார். வீட்டில் நானும், இரண்டு பெண் பிள்ளைகளும், வயதான மாமியும்தான் இருக்கிறோம். சென்ற மாதம் இரவில் யாரோ பின்கதவை நெம்பிப் பார்த்திருக்கிறார்கள். காவலுக்கு ஒரு நாய் வளர்க்கும்படி அடுத்த வீட்டார் சொல்கிறார்கள். நாய் இருக்கும் வீட்டுக்கு மலக்குமார் வரமாட்டார்கள் என்று மாமி சொல்கிறார். கணவரோ, நல்ல மூர்க்கமான சாதி நாயாகப் பார்த்து வாங்கு என்று டெலிபோனில் சொல்கிறார். நான் யார் சொல்லைக் கேட்பது?"

இப்படி ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிடுகிறேன். குடும்பத் தலைவர் வெளிநாட்டில் இருக்க, பெண்களும் பிள்ளைகளும் தனித்திருக்கும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ உள்ளன. அவை எல்லாவற்றுக்கும் உரிய கேள்வி இது. ஆனால் நாயைப் பற்றிப் பேச வந்தால் நம்மில் ஒரு சாரார் "ஹராம்" என்ற ஒரே சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். இன்னொரு சாரார் பெருந்தொகை கொடுத்து ஒரு பயங்கரமான நாயைக் கொண்டுவந்து, கேற்றடியில் சங்கிலியில் கட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே சரியான வழியல்ல.

மார்க்கத்தின் நிலை

வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய தேவைகளுக்கன்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு கீராத் குறைந்துவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் புஹாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. மற்றோர் அறிவிப்பில் இரண்டு கீராத் என வருகிறது. ஆகவே அழகுக்கும் அந்தஸ்துக்கும் பொழுதுபோக்குக்கும் நாய் வளர்ப்பது நமக்கு உரியதல்ல.

வீட்டைக் காவல் செய்வதற்கு வளர்க்கலாமா? இதில் இமாம்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு. மேலே சொன்ன மூன்று தேவைகளோடு ஒப்பிட்டு, காவல் தேவைக்கும் வளர்க்கலாம் என்பதே ஷாபிஈ மத்ஹபில் சரியான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) எழுதுகிறார்கள். ஹன்பலீ மத்ஹபின் பேரறிஞர் இப்னு குதாமா (ரஹ்) கூடாது என்ற பக்கமே சாய்கிறார்கள். எனவே அனுமதி உண்டு. ஆனால் அந்த அனுமதிக்கு அடிப்படை தேவைதான். பின்கதவுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள், வளவுக்கு ஒரு வெளிச்சம், கூப்பிட்டால் ஓடிவரும் அயலார் ஆகியவை போதுமானால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போதாதவர்களுக்கே நாய்.

மாமி சொன்னதும் வெறும் பேச்சல்ல. நாய் உள்ள வீட்டுக்குள் மலக்குமார் நுழையமாட்டார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். வளர்க்க அனுமதிக்கப்பட்ட நாய் இதில் அடங்காது என்று இமாம் கத்தாபீ (ரஹ்) விளக்கம் தருகிறார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களோ, ஹதீஸ் பொதுவாகவே வந்துள்ளதால் எல்லா நாய்களையும் அது குறிக்கும் என்பதே வெளிப்படையானது என்கிறார்கள். இந்தக் கருத்து வேறுபாட்டிலிருந்து தப்ப எளிய வழி ஒன்றுண்டு. நாயை வீட்டுக்குள் எடுக்காதீர்கள். ஸூரதுல் கஹ்பில் குகைவாசிகளோடு இருந்த நாயை அல்லாஹ் எங்கே காட்டுகிறான்? வாசலில், முன்கால்களை விரித்துப் படுத்திருந்ததாகக் காட்டுகிறான். காவல் நாயின் இடம் வாசல்தான்.

ஏவினால் போக வேண்டும், தடுத்தால் நிற்க வேண்டும்

இனி, எந்தச் சாதி நாய் என்ற கேள்விக்கு வருவோம். ஸூரதுல் மாஇதாவின் நான்காவது வசனம், பயிற்றுவிக்கப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ண அனுமதிக்கிறது. பயிற்சி பெற்ற நாய் என்பதற்கு நமது ஃபிக்ஹ் கிதாபுகள் சொல்லும் அடையாளங்களைப் பாருங்கள். ஏவினால் போக வேண்டும். தடுத்தால் நிற்க வேண்டும். பிடித்ததைத் தான் தின்னக்கூடாது. இவையெல்லாம் ஒரு முறை அல்ல, திரும்பத் திரும்ப நடந்து உறுதியாக வேண்டும். கடிக்கும் வேகத்தை நம் இமாம்கள் அளவுகோலாக எடுக்கவில்லை. எஜமானின் சொல்லுக்கு நிற்பதையே அளவுகோலாக எடுத்தார்கள். வீட்டுக் காவலுக்கும் இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு, நம் நாட்டில் மக்கள் அதிகம் தேடும் சாதிகளைப் பார்ப்போம்.

அல்சேஷன் என்று நாம் அழைப்பது ஜேர்மன் ஷெப்பர்ட் நாயைத்தான். 1899ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த மக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்பவர் ஆட்டு மந்தை காக்கும் நாய்களிலிருந்து இந்தச் சாதியை நிலைநிறுத்தினார். ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரை நிறையுடையது. புத்தி கூடியது, சொல் கேட்கும், வீட்டாரோடு ஒட்டும். ஆனால் அடர்ந்த ரோமம் நம் நாட்டு வெக்கைக்குச் சிரமம் தரும். இடுப்பு மூட்டு நோயும் இந்தச் சாதியில் காணப்படுவது. நாள்தோறும் ஓடவும் நடக்கவும் விடாவிட்டால் அதன் புத்தியே அதற்குத் தொல்லையாகிவிடும்.

டொபர்மன் சாதி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மனியின் அபோல்டா என்ற ஊரில் உருவானது. அதை உருவாக்கிய டொபர்மன் என்பவர் வரி அறவிடும் வேலையும் செய்தவர் என்றும், தன் பாதுகாப்புக்கே இந்த நாயை வளர்த்தார் என்றும் சொல்வார்கள். குட்டை ரோமம், மிகுந்த வேகம், கூர்மையான எச்சரிக்கை உடையது. ஆண் நாய் 40 கிலோவைத் தாண்டும். பழக்கத் தெரிந்தவர் கையில்தான் இது நல்ல காவலாளி.

ரொட்வைலர், ஜேர்மனியின் ரொட்வைல் நகரத்து இறைச்சி வியாபாரிகளின் மாடுகளை ஓட்டவும் வண்டி இழுக்கவும் பயன்பட்ட நாய். ஆண் நாய் 50 கிலோ அளவில் இருக்கும். அது ஒரு முறை சங்கிலியை இழுத்தால் பிடித்து நிறுத்தப்போவது யார்? மாமியா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளையா?

கடைசியாக, நாம் கணக்கிலேயே எடுக்காத நம் ஊர் நாய். இடைத்தரமான உடம்பு, குட்டை ரோமம், வெயிலுக்கும் மழைக்கும் பழகிய தேகம். செலவு குறைவு. அந்நியர் காலடி கேட்டால் குரைப்பதில் எந்தச் சாதி நாய்க்கும் இது குறைந்ததல்ல. ஒரு வீட்டுக்கு நாயிடமிருந்து வேண்டியதும் பெரும்பாலும் அந்தக் குரல்தான். இரவில் களவெடுக்க வருபவன் பயப்படுவது வீட்டார் விழித்துவிடுவார்கள் என்பதற்கே. குரைத்து எழுப்பினால் காவல் முடிந்தது. அதற்குமேல் கடித்துக் குதற வேண்டிய அவசியம் ஒரு குடும்ப வீட்டில் இல்லை.

ஆகவே அந்தச் சகோதரிக்கு நான் சொல்வது: மூர்க்கமான சாதியைத் தேடாதீர்கள். சாந்தமான தாய்க்குப் பிறந்த, எட்டு வாரமாவது தாயோடு இருந்த, சுறுசுறுப்பான ஊர்க்குட்டி ஒன்றை எடுங்கள். காவலுக்காகக் குட்டியிலிருந்தே வளர்த்துப் பழக்குவதும் கூடும் என்பதே நம் மத்ஹபில் சரியான கருத்து. மூன்று மாத வயதுக்குள் ஒரு குட்டி யாரைக் கண்டு பழகுகிறதோ, அவர்களிடம் பிற்காலத்தில் அச்சமோ கோபமோ கொள்வது குறைவு. அந்தக் காலத்தில் வீட்டுப் பிள்ளைகள், உறவினர், அயலார் எல்லோரையும் அது காணட்டும். "இரு", "வா", "விடு" என்ற மூன்று சொற்களுக்கு அடங்கப் பழக்குங்கள். அடித்துப் பழக்காதீர்கள், சொன்னதைச் செய்தால் ஒரு துண்டு இறைச்சி கொடுங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நாயின் விலையை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். ஷாபிஈ மத்ஹபில் நாயை விற்பதும் வாங்குவதும் செல்லாது. ஹனபீ மத்ஹபில் கூடும் என்பார்கள். சந்தைகளிலும் தெருவோரங்களிலும் பெட்டியில் போட்டுக் கைவிடப்படும் குட்டிகளில் ஒன்றை எடுத்து வளர்ப்பவருக்கு இந்தப் பிரச்சினையே எழாது. ஓர் உயிரைக் காத்த நன்மையும் சேரும், இன்ஷா அல்லாஹ்.

சங்கிலியும் அமானிதமும்

எடுத்து வந்தபின் அது உங்கள் பொறுப்பில் உள்ள ஓர் உயிர். தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றிலிருந்து நீர் எடுத்துக் கொடுத்த ஒரு பாவியான பெண்ணை அல்லாஹ் மன்னித்த செய்தியும், பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் நரகம் புகுந்த செய்தியும் நாம் மிம்பர்களில் கேட்டவைதாம். இரண்டாவது செய்தியை, பகல் முழுவதும் வெயிலில் கட்டப்பட்டுக் கிடக்கும் நாயை வைத்திருப்பவர் ஒரு முறை நினைத்துப் பார்க்கட்டும். கட்டியே கிடக்கும் நாய் காவலுக்கும் உதவாது. அச்சமும் எரிச்சலும் சேர்ந்து, கிட்டப்போகும் பிள்ளையைத்தான் அது கடிக்கும். பகலில் நிழலான கூடு, எந்நேரமும் தண்ணீர், இரவில் வேலியடைத்த வளவுக்குள் சுதந்திரம் ஆகியவை அதன் உரிமை. பொரித்த, ஆக்கிய கோழி எலும்பு குடலைக் கிழிக்கும். வெங்காயம் அதற்கு நஞ்சு. மிச்சக் கறியை அப்படியே கொட்டிவிடாதீர்கள்.

தெருவில் போகிறவர்களுக்கும் உரிமை உண்டு. சுபஹுக்குப் பள்ளிக்குப் போகும் முதியவர், குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகும் சிறுவர், நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்பும் பாவா, கை நீட்டி வரும் மிஸ்கீன் ஆகிய யாரும் உங்கள் வீட்டைக் கடக்கப் பயப்படக்கூடாது. அயலவர் தன் தீங்கிலிருந்து அச்சமற்று இருக்காதவர் ஈமான் கொண்டவரல்லர் என்ற நபிமொழி நாய் வளர்ப்பவருக்கும் பொருந்தும். கடிக்கும் நாயை அவிழ்த்துவிட்டவர், அதனால் காயமுற்றவருக்கு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். அனுமதியின்றி வீட்டுக்குள் புகுந்தவனின் சட்டம் வேறு. அனுமதியோடு வந்த விருந்தாளியின் சட்டம் வேறு.

சுத்தமும் ஊசியும்

நம் மத்ஹபில் நாயின் எச்சிலும், ஈரத்தோடு அதன் உடம்பு படுவதும் கடும் நஜீஸ். ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். இரண்டும் காய்ந்திருக்கும்போது பட்டால் கழுவ வேண்டியதில்லை. மாலிகீ மத்ஹபில் உயிருள்ள நாய் சுத்தமானது. ஹனபீ மத்ஹபில் எச்சில் மட்டுமே நஜீஸ் என்ற கருத்தே வலுவானது. இதைச் சொல்வது மத்ஹபைத் தாவுவதற்கல்ல, வெறுப்பும் வஸ்வாஸும் குறைவதற்கே. நடைமுறையில் கஷ்டமும் இல்லை. நாய்க்கெனத் தனிப் பாத்திரம், சாப்பாடு வைப்பவருக்கு வேறு உடுப்பு, வேறு செருப்பு. பைப்படியில் ஒரு டின்னில் சுத்தமான மண். தொழுகை உடுப்புக் காயும் கொடி நாய் எட்டாத பக்கத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் விசர்நாய்க்கடித் தடுப்பூசி. குட்டிக்கு எப்போது முதல் ஊசி என்பதை மிருக வைத்தியரிடம் கேட்டு, பின்னர் ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். பூச்சி மருந்தும் கொடுங்கள். நாயைப் பதிவு செய்ய வேண்டுமென்ற சட்டம் நம் நாட்டில் 1901ஆம் ஆண்டிலேயே வந்தது. யாரையேனும் எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சளும் மிளகாயும் எண்ணெயும் பூசிக்கொண்டு காத்திருக்காதீர்கள். நோயின் குணங்குறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. அதற்கு முன் போடும் ஊசியோ உயிரைக் காக்கிறது. வீட்டு நாய்தானே, சின்னக் கடிதானே என்று எண்ண வேண்டாம். பிள்ளைகள் கடிபடுவது அநேகமாக அவர்களுக்குத் தெரிந்த நாயிடம்தான். சாப்பிடும்போதும், தூங்கும்போதும், குட்டிகளோடு இருக்கும்போதும் நாயைத் தொந்தரவு செய்யாமல் இருக்கப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுங்கள்.

இறுதியாக, வெளிநாட்டில் இருக்கும் கணவன்மாருக்கும் வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கவலை நியாயமானது. ஆனால் எந்த நாய் என்பதை அங்கிருந்துகொண்டு நீங்கள் தீர்மானிக்காதீர்கள். நாளை அந்த நாய் ஒரு பிள்ளையை நோக்கிப் பாயும்போது "நில்" என்று சொல்ல வேண்டிய குரல் உங்களுடையதல்ல, உங்கள் மனைவியுடையது. அவர் குரலுக்கு நிற்கக்கூடிய நாயே உங்கள் வீட்டுக்கு உரிய நாய். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் தாழ்ப்பாளும் வெளிச்சமுமே போதும்.

காப்பவன் அல்லாஹ், காரணங்களைத் தேடுவது நம் கடமை. நம் எல்லோருடைய வீடுகளையும் அவன் பாதுகாப்பானாக. ஆமீன்.