வீட்டு நீச்சல் குளம்: எதில் சிக்கனம் வேண்டும்?

அமெரிக்காவில் கலிபோர்னியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. நல்ல வெயில் அடிக்கும் ஊர். அங்கே நீச்சல் குளம் உள்ள வீடுகள் ஏராளம்.

அவர்கள் எல்லோரும் லட்சாதிபதிகள் என்று நினைத்துவிட வேண்டாம். மாதச் சம்பளக்காரர் வீட்டிலும் குளம் உண்டு. அவர் குளம் வெட்டியிருக்க மாட்டார். கடனில் பழைய வீட்டை வாங்கியிருப்பார். குளமும் கூடவே வந்திருக்கும்!

யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். மின்சாரம், மருந்து, தண்ணீர் என்று மூன்று தீனி. மூன்றிலும் காசைக் குறைக்க அவர் பார்க்கிறார். அதில் தப்பு இல்லை. எங்கே குறைக்கிறார் என்பதுதான் கேள்வி.

பச்சையாக மாறிய குளங்கள்

2007-ம் ஆண்டு. அமெரிக்காவில் வீட்டுக் கடன் நெருக்கடி வந்தது. கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்பீல்டு நகரில், தவணை கட்ட முடியாமல் பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின.

குளத்துப் பம்புகள் நின்றன. மருந்து போட ஆள் இல்லை. நீலமாக இருந்த தண்ணீர் பச்சையாக மாறியது. பாசி வந்தது. பின்னாலேயே கொசு வந்தது. கொசுவோடு "வெஸ்ட் நைல்" என்ற காய்ச்சலும் வந்தது. அந்த வட்டாரத்தில் காய்ச்சல் கண்டவர்களின் தொகை, முந்திய ஆண்டைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது! கவனிப்பாரற்ற குளங்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். கொசு ஒழிப்பு ஊழியர்கள் வீடு வீடாகத் தேடிப்போய், கொசுப் புழுவைத் தின்னும் சிறு மீன்களைக் குளங்களில் விட்டார்கள்.

வீட்டை இழந்தவர்களை யார் குறை சொல்ல முடியும்? ஆனால், அந்த வீட்டிலேயே குடியிருந்துகொண்டு, "இந்த மாதம் மருந்து வாங்க வேண்டாம், காசு மிச்சம்" என்று இருப்பவரைக் குறை சொல்லத்தான் வேண்டும். பாசி பிடித்த குளத்தைச் சுத்தம் செய்ய, வழக்கமான அளவைப் போல் பல மடங்கு மருந்து கொட்ட வேண்டும். பம்பு இரவு பகலாக ஓட வேண்டும். மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று?

சிலர் தண்ணீரையே இறைத்துவிடுகிறார்கள். அது இன்னும் ஆபத்து. பூமிக்கு அடியில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால், காலிக் குளம் தோணியைப் போல் மேலே கிளம்பிவிடும்! உள்ளே இருக்கும் தண்ணீரின் பாரம்தான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. (1976, 77-ம் ஆண்டுகளில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. அப்போது வற்றிக் கிடந்த குளங்களில் சிறுவர்கள் சக்கரப் பலகை ஓட்டிப் பழகினார்கள். அவர்களுக்கு மட்டும் கொண்டாட்டம்.)

பம்பும் போர்வையும்

சரி, எங்கேதான் மிச்சம் பிடிப்பது?

முதலில் பம்பு. பழைய பம்புக்கு ஒரே வேகம்தான். இப்போது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பம்பு இருக்கிறது. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் தண்ணீரும் பாதிதான் ஓடும். ஆனால் மின்சாரம் பாதி அல்ல, எட்டில் ஒரு பங்குதான் பிடிக்கும்! பம்பை இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் மொத்தச் செலவு கால் பங்குதான். இது ஏட்டுக் கணக்கு. வீட்டில் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். கலிபோர்னியாவில் பல வீடுகளுக்கு, மாலை 4 மணி முதல் 9 மணி வரை மின்சாரக் கட்டணம் அதிகம். அந்த நேரத்தில் பம்பை நிறுத்தி வைப்பது புத்திசாலித்தனம்.

அடுத்தது போர்வை. குளிக்காத நேரத்தில் குளத்தை மூடி வைத்தால் தண்ணீர் ஆவியாவது குறையும். புதிதாக ஊற்றும் தண்ணீரில் 30 முதல் 50 சதவீதம் மிச்சமாகும், மருந்தில் 35 முதல் 60 சதவீதம் மிச்சமாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. குளிக்கும்போது போர்வையை முழுவதும் எடுத்துவிட வேண்டும். பாதி மூடியிருந்தால் குழந்தை அடியில் சிக்கிக்கொள்ளும்.

விழுந்த இலையை வலை போட்டு அள்ள ஆள் எதற்கு? வீட்டில் இருப்பவர்களுக்குக் கை இல்லையா?

மருந்தில் கை வைக்க வேண்டாம்

மருந்து என்றால் குளோரின். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மில்லி கிராமாவது இருக்க வேண்டும். வெயிலைத் தாங்குவதற்காகச் சேர்க்கும் மருந்தும் இருந்தால், 2 மில்லி கிராம் வேண்டும். குளோரினை வெயில் தின்றுவிடும். அதனால் மாலையில் போடுவது நல்லது. சோதனைக் காகிதத்தை நனைத்து அளவு பார்க்கலாம். அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், குளோரின் கூடிவிட்டது என்று எண்ணிப் பலர் குறைத்துவிடுகிறார்கள். உண்மை அது அல்ல! வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலப்பதால் வருவதுதான் அந்த வாடை. குளத்தில் இறங்குமுன் எல்லோரும் ஒரு நிமிடம் உடம்பைக் கழுவிக்கொண்டால் குளோரின் வீணாகாது. இதற்குக் காசே வேண்டாம்.

மலிவாகக் கிடைக்கிறது என்று கண்ட கண்ட மருந்தையும் வாங்கி ஒன்றாகக் கலக்கக் கூடாது. அமிலமும் குளோரினும் சேர்ந்தால் விஷ வாயு கிளம்பும்.

வேலி எங்கே?

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் வேலி. அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் தண்ணீரில் மூழ்குவது. அதில் வீட்டுக் குளத்தில் நடப்பதே அதிகம். தாய் அடுப்படிக்குப் போய்த் திரும்பும் நேரம் போதும். சத்தம்கூடக் கேட்காது.

2018 முதல் கலிபோர்னியாவில் புதிதாகக் கட்டும் குளத்துக்கும், திருத்திக் கட்டும் குளத்துக்கும் சட்டம் இரண்டு பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கேட்கிறது. 5 அடி உயர வேலி அவற்றில் ஒன்று. பழைய குளங்கள் பல இந்தக் கட்டுக்குள் வரவில்லை. "சட்டம் கேட்கவில்லையே, வேலிக்கு ஏன் செலவு?" என்கிறார் வீட்டுக்காரர். குழந்தை சட்டம் படித்துவிட்டா தண்ணீரில் விழுகிறது?

வேலி போட வசதி இல்லாதவர் குளத்தைத் தூர்த்துவிடட்டும். அந்த இடத்தில் தக்காளி போடட்டும். அதற்கு நகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். அடித்தளத்தில் ஓட்டை போட்டு, மண்ணைக் கொட்டிக் கெட்டிக்க வேண்டும். ஓட்டை போடாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளேயே தேங்கும். செலவு உண்டு. ஆனால் ஒரே ஒரு தடவைதான்.