வேலிக்குள் வீரமா?

1902-ஆம் ஆண்டு மிசிசிப்பிக் காட்டில், மரத்தில் கட்டிவைக்கப்பட்ட கரடியைச் சுட மறுத்தார் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். அவர் வேட்டைப் பிரியரே. ஆயினும் தப்பியோட வழியற்ற விலங்கைச் சுடுவதை வேட்டையென அவர் ஏற்கவில்லை.

தென்னாப்பிரிக்கப் பண்ணைகளிலோ, குட்டியிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டுப் புட்டிப்பால் ஊட்டி வளர்க்கப்பட்ட சிங்கங்கள், வேலிக்குள் பணம் கட்டியவரின் துப்பாக்கிக்கு இலக்காகி வந்துள்ளன. 2024-இல்தான் அந்நாட்டு அமைச்சரவை இத்தொழிலை முடிவுக்குக் கொண்டுவரும் கொள்கையை ஏற்றது.

“ஆட்டை வளர்த்து அறுத்து உண்கிறோமே, இதில் மட்டும் என்ன குற்றம்?” என்று வாதிடுவோர் உண்டு. ஆட்டை நாம் உணவுக்காக அறுக்கிறோம். அதன் தலையை வீரத்தின் சான்றென்று சுவரில் மாட்டுவதில்லை. மனிதக் கையை நம்பப் பழகிய உயிரை, அந்நம்பிக்கையைக் கொண்டே வீழ்த்துவதை நாம் வேட்டை என்று அழையோம், அது துரோகம்.