உடைந்த பாகம் காயலான் கடைக்குப் போகும் முன்

லாரியின் டர்போ போய்விட்டால் பட்டறையில் வழக்கமாக நடப்பது ஒன்றுதான். பழையதைக் கழற்றுவார்கள், புதியதைப் பூட்டுவார்கள், பில்லில் ‘டர்போ மாற்றியது’ என்று ஒரு வரி விழும். சில வாரங்களில் புதியதும் ஊளையிடத் தொடங்கினால் பழி உதிரிபாகக் கடைக்காரர் தலையில் விழும்: டூப்ளிகேட் கொடுத்துவிட்டார். போலிச் சரக்கு சந்தையில் புழங்குவது உண்மைதான். ஆனால் டர்போ தானாகவே கெடுவது அபூர்வம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தொடும் அதன் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் சுழல்கிறது. மலையேறிய சூட்டோடு இன்ஜினை அணைத்தால் உள்ளே தேங்கிய ஆயில் கருகும். அந்தக் கரி சேரச் சேர ஆயில் வரும் வழி குறுகும். குழாயைப் பார்க்காமல் டர்போவை மட்டும் மாற்றினால் புதியதும் ஆயில் இல்லாமல்தான் சாகும். அடிபட்ட பாகத்தைக் குற்றவாளியாக்கி வெளியே எறிகிறோம். குற்றவாளியை உள்ளேயே வைத்து மூடிவிடுகிறோம். இதற்கு மெக்கானிக்கின் அறியாமையைவிட, நாம் அவருக்குக் கூலி கொடுக்கும் முறையே முதற்காரணம் என்பது என் வாதம்.

கெட்டுப்போன பாகம் வாய் திறந்து பேசும், கேட்க ஆள் இருந்தால். நடந்து நடந்து களைத்து உடைந்த கிராங்க் ஷாஃப்ட்டின் முறிவு முகத்தைத் துடைத்துப் பார்த்தால், மணலில் அலை விட்டுப்போன தடம்போல் வரிவரியாகத் தெரியும். அந்த வரிகள் எந்தப் புள்ளியைச் சுற்றி வளைந்திருக்கின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்திருக்கிறது. பல சமயம் அது ஜர்னலின் ஓரத்து வளைவாக இருக்கும். கிராங்க் அரைக்கும்போது அந்த வளைவைச் சரியான அளவில் விடாமல் கூர்மையாக வெட்டியிருந்தால், உடைந்தது நெடுஞ்சாலையில் என்றாலும் கெட்டது லேத் பட்டறையில். தூசிக்கும் முகவரி உண்டு. பிஸ்டனின் மேல் ரிங்கும் லைனரின் மேற்பகுதியும் அதிகம் தேய்ந்திருந்தால் தூசி காற்றோடு வந்திருக்கிறது. ஏர் ஃபில்டரையும் ஹோஸ் கிளாம்ப்பையும் பார்க்க வேண்டும். கீழே உள்ள ஆயில் ரிங்கும் பேரிங்குகளும் கூடுதலாகத் தேய்ந்திருந்தால் அது ஆயிலோடு வந்தது. திருச்செங்கோட்டிலிருந்து வடமாநிலங்கள் வரை போய்ப் புழுதியிலேயே வேலை செய்யும் ஆழ்துளைக் கிணறு வண்டிகளின் உரிமையாளர்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே பெரும்பணம்.

லைனரின் கதை இன்னும் விசித்திரமானது. தண்ணீர்ப் பக்கத்தில் ஊசியால் குத்தியதுபோல் குழிகள் விழுந்து, கடைசியில் ஓட்டையாகிச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கும். பார்ப்பவர்கள் ‘வார்ப்பு சரியில்லை’ என்பார்கள். உண்மையில் பிஸ்டன் பக்கவாட்டில் மோதும் ஒவ்வொரு முறையும் லைனர் அதிர்கிறது. வெளிச்சுவரை ஒட்டிய தண்ணீரில் நுண்ணிய ஆவிக் குமிழிகள் தோன்றி வெடித்து, இரும்பைத் துளித்துளியாகக் கொத்தி எடுக்கின்றன. இதைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில் இருக்கிறது. காசு மிச்சம் என்று ரேடியேட்டரில் வெறும் போர் தண்ணீரை ஊற்றிவிட்டு லைனர் கம்பெனியை மாற்றிக்கொண்டே இருந்தால், எந்தக் கம்பெனியின் லைனரும் தாங்காது.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை வடித்த தாயிச்சி ஓனோ சொல்லும் உதாரணம் இங்கே அப்படியே பொருந்தும். இயந்திரம் நின்றது, ஃபியூஸ் போயிருந்தது. ஏன் என்று கேட்டால் பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. அது ஏன் என்றால் பம்ப் சரியாக இறைக்கவில்லை. பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் இரும்புத் துகள் உள்ளே போயிருந்தது. முதல் கேள்வியோடு நின்றவர் ஃபியூஸ் மாற்றுவார்; நான்காவதில் நின்றவர் பம்ப் தண்டை மாற்றுவார். இயந்திரத்துக்குத் தேவைப்பட்டதோ ஒரு வடிகட்டி.

வண்டி ஒரு நாள் நின்றால் வாடகை போச்சு, தவணை மட்டும் நிற்காது. இதில் ஆராய்ச்சிக்கு ஏது நேரம் என்று லாரி உரிமையாளர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் நான் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை. கழற்றிய பேரிங்குகளை எந்தச் சிலிண்டருடையது என்று குறித்து வரிசையாக அடுக்குவது, ஆயில் ஃபில்டரை வெட்டி விரித்து உலோகப் பொடி இருக்கிறதா என்று பார்ப்பது, கழுவுவதற்கு முன் நாலு படம் எடுப்பது: பிரித்துப் போட்ட இன்ஜின் முன்னால் இவை நாளை விழுங்கும் வேலைகள் அல்ல. கழுவிவிட்டால் பாதி சாட்சியம் சாக்கடையில். அனுபவமுள்ள மெக்கானிக் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாரே என்பதும் மெய்தான். அந்தக் காதுகளை நான் மதிக்கிறேன். ஆனால் அனுபவம் பழகிய காரணத்தைத்தான் முதலில் காட்டும். தவிர, பூட்டுவதற்குக் கூலி உண்டு, கண்டுபிடிப்பதற்கு இல்லை. இரண்டு மணி நேரம் யோசித்து நாற்பது ரூபாய் கிளாம்ப்பை மாற்றிக் கொடுத்தவரிடம் பேரம் பேசுவோம். இன்ஜினையே இறக்கிக் கட்டியவருக்கு முணுமுணுக்காமல் கொடுப்போம்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு கம்ப்யூட்டரே எல்லாம் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. ஸ்கேனர் சொல்வது அறிகுறியை. ‘ரெயில் பிரஷர் குறைவு’ என்று அது காட்டினால், அடைத்த டீசல் ஃபில்டர், தேய்ந்த பம்ப், கசியும் இன்ஜெக்டர், லைனில் புகுந்த காற்று என எதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டாயிரம் பார் அளவுக்கு அழுத்தம் ஏறும் இந்த டீசல் அமைப்பில் உள்ள இடைவெளிகள் சில மைக்ரான்தான். பம்ப் தேய்ந்து கிளம்பிய இரும்புப் பொடியை டேங்க் முதல் ரெயில் வரை துடைக்காமல் புது இன்ஜெக்டர் போடுவது, அதையும் கெடுக்கப் பணம் கட்டுவதுதான்.

காரணத்தைத் தேடுவதையே தொழிலாகக் கொண்டவர்களும் இருக்கிறார்கள்: வாரன்டி இன்ஜினியரும் காப்பீட்டு சர்வேயரும். கோரிக்கையை ஏற்பதா நிராகரிப்பதா என்பது அவர்கள் எழுதும் காரணத்தில்தான் நிற்கிறது. 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் மூழ்கிய வண்டிகளை நினைத்துப் பாருங்கள். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடோடு வண்டி சில காலம் ஓடவும் கூடும், பிறகு உடையும். லைனரின் உச்சியில் கரிப்பட்டை வழக்கத்தைவிட அகலமாக இருந்தால், ராடு குட்டையாகி பிஸ்டன் முழு உயரம் ஏறவில்லை என்று பொருள். ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்றால் கூடுதல் இன்ஜின் பாதுகாப்பு எடுக்காதவருக்குச் சாதாரண பாலிசியில் பணம் கிடைப்பது கடினம். எதிர்த்து வாதாட உரிமையாளர் கையில் என்ன இருக்கிறது? ராடும் லைனரும் எடைக்குப் போய்விட்டன.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டியது மூன்று. கழற்றிய பாகங்கள் கழுவப்படாமல், சிலிண்டர் எண்ணோடு கைக்கு வர வேண்டும். காரணம் தேடியதற்குத் தனிக் கூலி பில்லில் இருக்க வேண்டும், அதை முகம் சுளிக்காமல் கொடுக்கவும் வேண்டும். மாற்றிய பாகத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் வேண்டும். தெரியாதபோது அதில் ‘பிடிபடவில்லை’ என்று எழுதும் மெக்கானிக்குக்கும் அதே கூலியைக் கொடுக்க வேண்டும்.